சரவாங்கிக்கு வாரம் ஒரு மாத்திரை: எதிர்ப்புச் சக்தியை அடக்குவது சரியா?

கேள்வி: டாக்டர், நாங்கள் தாராபுரம் பக்கத்தில் ஒரு கிராமம். அம்மாவுக்கு 49 வயது. இரண்டு கறவை மாடு வைத்திருக்கிறோம். ஒன்றரை வருஷமாக அம்மாவுக்கு இரண்டு கையிலும் விரல் மூட்டு வீங்குகிறது. விடிகாலையில் பால் கறக்க உட்கார்ந்தால் விரல் மடங்குவதில்லை. மெடிக்கலில் ‘செட்’ மாத்திரை வாங்கி எட்டு மாதம் சாப்பிட்டார். நன்றாகக் கேட்டது. ஆனால் முகம் உப்பிவிட்டது, நிறுத்தினால் வலி இரண்டு மடங்காக வருகிறது. போன மாதம் கோவையில் மூட்டு நோய் டாக்டரிடம் காட்டினோம். முழங்காலில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள், கலங்கலாக இருந்தது. அதில் வெள்ளை அணு 18,000, கிருமி இல்லை என்று ரிப்போர்ட். ரத்தத்திலும் வெள்ளை அணு 13,000. சரவாங்கி (முடக்குவாதம்) என்று சொல்லி, மெத்தோட்ரெக்ஸேட் 15 மில்லிகிராம் வாரம் ஒரு தடவை, ஃபோலிக் ஆசிட், அப்புறம் 10 மில்லிகிராம் ஸ்டீராய்டு (கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொல்லி) எழுதிக் கொடுத்தார். மாமா கூகுளில் பார்த்துவிட்டு, “இது கேன்சர் மாத்திரை, எதிர்ப்புச் சக்தியையே அழித்துவிடும்” என்கிறார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் கண்வலிக்கிழங்கு தருகிறேன் என்கிறார். மாத்திரை அட்டை மூன்று வாரமாகச் சாமி அலமாரியிலேயே இருக்கிறது. எதிர்ப்புச் சக்தி கூட வேண்டியதுதானே நல்லது? அதை ஏன் குறைக்க வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒன்று. உங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு சரியான சீட்டு. மூட்டு நோய் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குவார்கள். மூன்று வாரம் போனது போகட்டும், இனியும் தள்ளிப்போட வேண்டாம். ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன். பயம் போனால்தான் அம்மா மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவார். அரைமனதோடு சாப்பிட்டு இரண்டாவது மாதம் நிறுத்திவிடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அந்த முழங்கால் நீரிலிருந்து ஆரம்பிக்கலாம். நல்ல மூட்டில் இருக்கும் நீரை ஊசியில் இழுத்து ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால், கீழே விழாமல் முட்டை வெள்ளைக்கரு மாதிரி நூலாக நீளும். நிறமும் தெளிவாக இருக்கும். ஒரு கன மில்லிமீட்டரில் வெள்ளை அணு 200-க்குக் கீழேதான் இருக்கும். அம்மாவுடையது 18,000. கலங்கலாகத் தெரிந்ததே, அந்தக் கலங்கல் முழுக்க வெள்ளை அணுக்கள்தான். ஊசி முனையில் தொங்கவிட்டிருந்தால் நூலாக நீளாமல் தண்ணீர் மாதிரி சொட்டியிருக்கும், மூட்டுக்கு வழவழப்புக் கொடுக்கும் பொருளே அதில் சிதைந்துபோயிருக்கும் என்பதால்.

அது சீழோ என்று நீங்கள் பயந்திருப்பீர்கள். சீழ் என்றால் கிருமி வளர்ந்திருக்கும். எண்ணிக்கையும் பெரும்பாலும் 50,000-ஐத் தாண்டும். இங்கே கிருமி இல்லை. அதாவது, அடிப்பதற்கு எதிரி இல்லாத இடத்தில் இவ்வளவு அணுக்கள் வந்து கூடியிருக்கின்றன. உங்கள் கேள்விக்கான பதிலே இதில்தான் இருக்கிறது. அம்மாவுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவாக இல்லை. வேலையே இல்லாத இடத்தில் அது மும்முரமாக வேலை செய்துகொண்டிருக்கிறது.

‘எதிர்ப்புச் சக்தி’ என்ற சொல்லை நாம் தொட்டித் தண்ணீர் மாதிரி நினைத்துவிட்டோம். நிறைந்தால் நல்லது, குறைந்தால் கெட்டது என்று. கொரோனாக் காலத்தில் விற்ற பொடிகளும் பானங்களும் இந்த நினைப்பை இன்னும் ஊன்றிவிட்டன. உடம்புக்குள் அப்படி ஒரு தொட்டி கிடையாது. பல வகை அணுக்கள் இருக்கின்றன. அவை ஒன்றுக்கொன்று செய்தி சொல்லிக்கொள்கின்றன. எப்போது கிளம்ப வேண்டும், எப்போது அடங்க வேண்டும் என்ற இரண்டு செய்தியும் வேண்டும். முள் குத்தினால் விரல் சிவந்து, வீங்கி, சூடேறி, வலிக்கிறது. அதற்குப் பெயர்தான் அழற்சி. நாலு நாளில் தானாக அடங்கிவிடுகிறது. அடங்குவதும் எதிர்ப்புச் சக்தியின் வேலைதான். சரவாங்கியில் அந்த ‘அடங்கு’ என்ற செய்தி எடுபடுவதில்லை.

மூட்டுக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். மூட்டின் உள்பக்கத்தில் சினோவியம் என்று ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அதன் மேல்பரப்பு ஒன்றிரண்டு அணு அடுக்குதான். சரவாங்கியில் லிம்ஃபோசைட் என்ற அணுக்கள், சொந்த உடம்பின் புரதங்களையே வேற்றுப் பொருள் என்று எடுத்துக்கொண்டு, மேக்ரோஃபேஜ் என்ற பெரிய அணுக்களைத் தட்டி எழுப்புகின்றன. அவை டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-6 போன்ற செய்திப் பொருள்களைக் கொட்டுகின்றன. சைட்டோகைன் என்று நாங்கள் சொல்வது இவற்றைத்தான். அந்தச் செய்தி போன இடமெல்லாம் ரத்தக் குழாயின் உள்சுவர் பசை போட்டது போல் ஆகிவிடும். ரத்தத்தில் ஓடுகிற நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் அதில் ஒட்டி, நெளிந்து, மூட்டுக்குள் இறங்கும். அவை அதிக நாள் உயிரோடு இருப்பதில்லை. சாகும்போது தங்களிடம் உள்ள அரிக்கும் பொருள்களைச் சிந்திவிட்டுச் சாகும். அந்தச் சவ்வும் தடித்துச் சதை மாதிரி வளர்ந்து, குருத்தெலும்பின் மேல் ஏறி, எலும்பை அரிக்க ஆரம்பிக்கும். எக்ஸ்ரேயில் எலி கடித்த மாதிரி தெரிகிற ஓரம் அப்படி வந்ததுதான். அரிபட்ட எலும்பு பழையபடி ஆவது அரிது. எனக்கு இருக்கிற அவசரம் இதனால்தான்.

அம்மாவுக்கு ஏன் விடிகாலையில் மட்டும் இவ்வளவு கஷ்டம் என்பதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. இந்த நோய் உள்ளவர்களுக்கு இன்டர்லூக்கின்-6 ராத்திரியில் ஏறி, விடியற்காலையில் உச்சத்தில் நிற்கும். உங்கள் அம்மா செம்பை எடுத்துக்கொண்டு மாட்டடியில் உட்காருகிற நேரமும் அதுதான். பத்து மணிக்கு மேல் விரல் கொஞ்சம் இளகுகிறதல்லவா? “இவ்வளவு நேரம் முடியவில்லை என்றாய், இப்போது எப்படி முடிகிறது” என்று வீட்டில் யாராவது கேட்டிருந்தால், தயவுசெய்து இனி கேட்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த வலி நிஜம், அதற்கு நேரமும் உண்டு.

சரி, மருந்துகளுக்கு வருவோம். ‘வீக்கம் குறைக்கும் மருந்து’ என்று பொதுவாகச் சொல்கிறோம். ஆனால் ஒவ்வொன்றும் வேலை செய்கிற இடம் வேறு. நம்மூர்ப் பழமொழி ஒன்று இதற்கு அப்படியே பொருந்தும்: எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும். அடுப்பில் பால் பொங்கி வழியும்போது மேலே தண்ணீர் தெளிக்கலாம். நுரை அடங்கும், அடுத்த நிமிஷமே மறுபடி பொங்கும். விறகை இழுத்தால்தான் அது நிற்கும்.

தண்ணீர் தெளிக்கிற வேலை வலி மாத்திரையுடையது. டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக் எல்லாம் இந்த வகை. அழற்சி உள்ள இடத்தில் காக்ஸ் என்ற நொதி, புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைத் தயாரிக்கிறது. வலி நரம்பைக் கூர்மையாக்குவதும் வீக்கத்தைக் கூட்டுவதும் அதுதான். ஆஸ்பிரின் எழுபது வருஷத்துக்கு மேல் புழக்கத்தில் இருந்த பிறகுதான், 1971-இல் லண்டனில் ஜான் வேன் என்பவர் இந்த மருந்துகள் அந்த நொதியைத் தடுக்கின்றன என்று கண்டுபிடித்தார். 1982-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். இந்த மாத்திரை போட்டால் வலி குறைவது உண்மை. ஆனால் மேக்ரோஃபேஜ் கொட்டுகிற டி.என்.எஃப். அப்படியேதான் இருக்கும், அணுக்கள் வந்து இறங்குவதும் நிற்காது, எலும்பு அரிப்பும் நிற்காது. வலி இல்லாமல் மூட்டு கெட்டுக்கொண்டே போகும். அதோடு, இரைப்பையின் உள்தோலைக் காப்பதற்கும் சிறுநீரகத்துக்கு ரத்தம் சரியாக ஓடுவதற்கும் புரோஸ்டாகிளாண்டின் வேண்டும். மாதக்கணக்கில் அதைத் தடுத்தால் வயிற்றுப் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் வரும். வெயிலில் வேலை பார்த்து, தண்ணீர் சரியாகக் குடிக்காதவர்களுக்கு இன்னும் சீக்கிரம் வரும்.

அப்புறம் அந்த ‘செட்’ மாத்திரை. ஒரு சின்னக் காகிதக் கவரில் நாலு மாத்திரை. ஒரு வலி மாத்திரை, ஒரு வயிற்று மாத்திரை, ஏதோ ஒரு சத்து மாத்திரை, அப்புறம் பெயர் சொல்லாமல் ஒரு குட்டி மாத்திரை. பெரும்பாலும் அந்தக் குட்டி மாத்திரைதான் ஸ்டீராய்டு. அம்மா முகம் உப்பியது அதனால்தான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. இந்த மாவட்டம், அந்த மாவட்டம் என்றில்லை, எல்லா ஊரிலும் இந்தப் பழக்கம் இருக்கிறது. எனக்கு மிகுந்த வேதனை தரும் விஷயம் இது. ஸ்டீராய்டைக் கெட்ட மருந்து என்று நான் சொல்லவில்லை. சாப்பிடுகிறவருக்கே தெரியாமல், அளவும் முடிவும் இல்லாமல் கொடுக்கிறார்களே, அதைத்தான் சொல்கிறேன்.

ஸ்டீராய்டு நல்ல மருந்து. 1948 செப்டம்பரில் அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹெஞ்ச் என்ற டாக்டர், சரவாங்கியால் படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடந்த 29 வயதுப் பெண் ஒருவருக்குக் கார்ட்டிசோன் ஊசியை முதன்முதலாகப் போட்டார். சில நாளில் அவர் எழுந்து நடந்தார், ஒரு வாரத்தில் கடைத்தெருவுக்கும் போய் வந்தார். 1950-இல் ஹெஞ்சும், அந்தப் பொருளைப் பிரித்தெடுக்க உழைத்த கெண்டால், ரைக்ஸ்டைன் இருவரும் நோபல் பரிசு பெற்றார்கள். அதே அளவில் தொடர்ந்து கொடுத்தபோதுதான் முகம் உப்புவது, சர்க்கரை ஏறுவது, எலும்பு மெலிவது, மனநிலை மாறுவது எல்லாம் தெரியவந்தன. உங்கள் வீட்டில் எட்டு மாதத்தில் பார்த்ததும் அதேதான்.

ஸ்டீராய்டு அணுவுக்குள்ளேயே நுழைந்துவிடும். உள்ளே அது வந்து ஒட்டுவதற்கென்றே இருக்கிற ஏற்பி என்ற புரதத்தோடு சேர்ந்து, அணுவின் கருவுக்குள் போய், டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-1, 6 ஆகியவற்றைத் தயாரிக்கச் சொல்கிற மரபணுக்களை வாசிக்கவிடாமல் செய்யும். ஒரு செய்தியை மட்டும் என்றில்லை, பல செய்திகளை ஒரே சமயத்தில் அடக்கும். அதனால்தான் சில மணி நேரத்திலேயே நன்றாகக் கேட்கிறது. ஆனால் மூட்டில் மட்டும் போய் வேலை செய் என்று அதற்குச் சொல்ல முடியாது. எலும்பு, தோல், கண், கணையம் என்று எங்கும் போகும்.

ரத்தத்தில் வெள்ளை அணு 13,000 என்று பார்த்துப் பயந்திருக்கிறீர்கள். அதற்கும் ஸ்டீராய்டு காரணமாக இருக்கலாம். ரத்தக் குழாய்ச் சுவரில் பசை போட்டது போல ஆகும் என்றேன் அல்லவா? ஸ்டீராய்டு அந்தப் பசையை எடுத்துவிடும். சுவரில் ஒட்டியிருந்த நியூட்ரோஃபில்கள் விடுபட்டு ரத்தத்தில் ஓட ஆரம்பிக்கும். அதனால் எண்ணிக்கை கூடித் தெரியும். அணுக்கள் இருக்கின்றன, ஆனால் போக வேண்டிய இடத்தில் இறங்க முடியவில்லை. ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்குக் கிருமித் தொற்று சுலபமாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம். காய்ச்சல், இருமல், சிறுநீர் எரிச்சல் எதுவும் இல்லையென்றால் இந்த எண்ணைப் பார்த்துக் கலங்க வேண்டாம். இருந்தால் மட்டும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பயத்தில் ஸ்டீராய்டை ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். நம் உடம்பிலேயே சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி தினமும் இந்த மாதிரிப் பொருளைச் சுரக்கிறது. மாத்திரைக் கணக்கில் சொன்னால் சுமார் 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோனுக்குச் சமம். எட்டு மாதம் வெளியிலிருந்து கொடுத்ததால் அந்தச் சுரப்பி தன் வேலையை நிறுத்தியிருக்கும். திடீரென்று மாத்திரையை நிறுத்தினால், மறுபடி சுரக்க அதற்கு வாரங்கள், சிலருக்கு மாதங்களே ஆகும். அதற்குள் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தம் இறங்குவது, உயிருக்கே ஆபத்து வரை போகலாம். 10 மில்லிகிராமில் தொடங்கி மெல்ல மெல்லக் குறைக்கச் சொன்னது இதற்காகத்தான். குறைக்கும் மாதங்களில் வேறு எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், பல் பிடுங்கப் போனாலும்கூட, “எட்டு மாதமாக ஸ்டீராய்டு எடுத்திருக்கிறார்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். காலையில் சாப்பாட்டுக்குப் பின் கொடுங்கள், உடம்பு தானாகச் சுரக்கிற நேரமும் காலைதான்.

இனி, சாமி அலமாரியில் இருக்கிற மாத்திரை.

மாமா சொன்னதில் பாதி உண்மை. மெத்தோட்ரெக்ஸேட் புற்றுநோய்க்கும் தருகிற மருந்துதான். அதன் வரலாற்றில் நமக்குப் பக்கத்து மனிதர் ஒருவர் இருக்கிறார். ஆந்திராவில் பீமவரத்தில் 1895-இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். படிக்கும்போது காந்தியின் பேச்சைக் கேட்டுக் கதர் அணிந்து அறுவைக்கூடத்துக்குப் போனதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் அதற்குக் கீழான பட்டத்தோடு வெளியே வந்தார். அமெரிக்கா போய் லெடர்லி ஆய்வகத்தில் அவர் தலைமையில் ஃபோலிக் ஆசிட்டைச் செயற்கையாகத் தயாரித்தார்கள், பிறகு அதை எதிர்க்கும் மருந்துகளையும் உருவாக்கினார்கள். அதில் ஒன்றைத்தான் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் 1947, 48-இல் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்து முதல் பலனைக் கண்டார். மெத்தோட்ரெக்ஸேட் அதே குடும்பம். 1951-லேயே மூட்டு நோய்க்கு இந்த வகை மருந்து பலன் தருவதைக் கவனித்திருக்கிறார்கள். ஆனால் கார்ட்டிசோன் மோகத்தில் அது அப்படியே கிடந்துவிட்டது. 1980-களில் முறையான ஆய்வுகள் நடந்து, 1988-இல் அமெரிக்காவில் சரவாங்கிக்கு அனுமதி கிடைத்தது. இன்று உலகம் முழுவதும் இந்த நோய்க்கு முதல் மருந்து இதுதான்.

அளவைப் பாருங்கள். எலும்புப் புற்றுநோய்க்கு ஒரே தடவையில் 15, 20 கிராம் கூட ஏற்றுவார்கள். கிராம். அம்மாவுக்கு எழுதியிருப்பது 15 மில்லிகிராம், அதுவும் வாரத்துக்கு. ஆயிரத்தில் ஒரு பங்கு. இந்தச் சின்ன அளவில் மருந்து செய்கிற வேலையே வேறு. புற்றுநோயில் ஃபோலிக் ஆசிட்டைத் தடுத்து, பெருகுகிற அணுவைக் கொல்வதுதான் நோக்கம். சரவாங்கியில் அது மட்டுமே காரணமாக இருந்தால், கூடவே ஃபோலிக் ஆசிட் கொடுக்கும்போது மருந்து செல்லாக்காசாகிவிட வேண்டும். ஆனால் பலன் நிற்கிறது. இன்று நாங்கள் நம்புகிற விளக்கம் இது: குறைந்த அளவு மெத்தோட்ரெக்ஸேட் அணுவுக்குள் ஒரு நொதியை மந்தமாக்குகிறது. அதனால் அடினோசின் என்ற பொருள் அணுவுக்கு வெளியே சேர்கிறது. உடம்பு தன் அணுக்களை அடங்கச் சொல்வதற்குப் பயன்படுத்தும் பொருள்களில் அடினோசினும் ஒன்று. நியூட்ரோஃபில், மேக்ரோஃபேஜ் எல்லாவற்றின் மேலும் அதற்கான ஏற்பி இருக்கிறது. அது போய் ஒட்டினால், கொட்டுகிற அணு கொட்டுவதைக் குறைக்கும். எடுபடாமல் போன அந்த ‘அடங்கு’ என்ற செய்தியைத் திரும்ப எடுபடச் செய்கிறது இந்த மருந்து. அணுக்களைக் கூண்டோடு அழிப்பதில்லை.

விறகை இழுக்கிற வேலை இதுதான். ஆனால் விறகை இழுத்த பிறகும் அடுப்பில் சூடு கொஞ்ச நேரம் நிற்கும். மெத்தோட்ரெக்ஸேட் பிடிக்க 6 முதல் 12 வாரம் ஆகும். அதுவரை அம்மா தாங்குவதற்காகத்தான் பக்கத்தில் ஸ்டீராய்டு கொடுத்திருக்கிறார்கள். இது பிடிக்கப் பிடிக்க அது குறையும். நாலாவது வாரத்தில், “ஒன்றும் கேட்கவில்லை” என்று அம்மா சொல்வார். அப்போது நிறுத்திவிடாதீர்கள்.

இப்போது மிகவும் முக்கியமானது. இந்த மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள். தினமும் சாப்பிட்டால் விஷம். நான் மறக்க முடியாத ஒரு பெரியவர் இருக்கிறார். சீட்டில் தெளிவாக எழுதியிருந்தும், வீட்டில் மாத்திரையைப் பிரித்துக் கொடுத்தவர்கள் தினமும் ராத்திரி கொடுத்துவிட்டார்கள். ஒன்பதாவது நாள் வாய் முழுக்கப் புண்ணாகி, எச்சில்கூட விழுங்க முடியாமல் வந்தார். ரத்த அணுக்கள் எல்லாம் இறங்கியிருந்தன. மாற்று மருந்து போட்டுப் பத்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்துக் காப்பாற்றினோம். உங்கள் வீட்டில் தினக் காலண்டர் இருக்கும்தானே? ஒரு கிழமையைத் தேர்ந்தெடுங்கள், ஞாயிறு என்று வைத்துக்கொள்வோம். இந்த வருஷத்து ஞாயிற்றுத் தாள் எல்லாவற்றிலும் சிவப்பு மையில் ‘மாத்திரை’ என்று எழுதிவிடுங்கள். மற்ற ஆறு நாளும் அந்த அட்டை உங்கள் கையில் இருக்கட்டும், அம்மாவின் மாத்திரை டப்பாவில் வேண்டாம். ஃபோலிக் ஆசிட்டை டாக்டர் சொன்ன நாளில், மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடாத நாளில், கொடுங்கள். வாய்ப்புண்ணும் குமட்டலும் குறைவதற்குத்தான் அது.

முதல் சில மாதங்கள் ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் மூன்றுக்கும் டாக்டர் சொல்கிற இடைவெளியில் பரிசோதனை செய்ய வேண்டும். இதைத் தவறவிடக் கூடாது. விடாத காய்ச்சல், வாய்ப்புண், புதிதாக வறட்டு இருமல், மூச்சிரைப்பு வந்தால் அந்த வார மாத்திரையைப் போடாமல் டாக்டரைக் கேளுங்கள். வேறு யாராவது கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாட்டிக் எழுதினால், மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுவதைச் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்தால் ரத்த அணுக்கள் ஆபத்தான அளவுக்கு இறங்கும். மது கூடாது. அம்மாவுக்கு இன்னும் மாதவிலக்கு நிற்கவில்லையென்றால், கர்ப்பம் ஆகக் கூடாத மருந்து இது என்பதையும் கூச்சப்படாமல் அவரிடம் சொல்லுங்கள்.

எதிர்ப்புச் சக்தியை அடக்குவது உயிரையே காப்பாற்றும் என்பதை நாம் எல்லோரும் சமீபத்தில் கண்ணால் பார்த்தோம். 2020 ஜூனில் இங்கிலாந்தில் ‘ரெக்கவரி’ என்ற ஆய்வின் முடிவு வந்தது. வென்டிலேட்டரில் இருந்த கொரோனா நோயாளிகளுக்குத் தினம் 6 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் கொடுத்தபோது இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு ஒரு பலனும் இல்லை. ஒரே நோய், ஒரே மருந்து. நுரையீரலைக் கெடுப்பது கிருமியா, அடங்காத அழற்சியா என்பதைப் பொறுத்துப் பலன் மாறிவிட்டது. மறுவருஷம் நம் நாட்டில் தேவையில்லாதவர்களும் ஸ்டீராய்டை அள்ளிச் சாப்பிட்டதும், சர்க்கரை எகிறியதும், கருப்புப் பூஞ்சை எத்தனையோ பேர் கண்ணைப் பறித்ததும் உங்களுக்கு நினைவிருக்கும்.

மூன்று, நாலு மாதத்தில் மெத்தோட்ரெக்ஸேட் மட்டும் போதவில்லையென்றால் இன்னொரு மாத்திரை சேர்ப்பார்கள். அதுவும் போதவில்லையென்றால் ஒரே ஒரு செய்தியை மட்டும் பிடிக்கிற மருந்துகள் இருக்கின்றன. லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும் மார்க் ஃபெல்ட்மனும் 1992-இல் லண்டனில் 20 நோயாளிகளுக்கு டி.என்.எஃப்.-ஐப் பிடிக்கும் ஊசியைப் போட்டுப் பார்த்ததில் அந்த வழி திறந்தது. ஆனால் டி.என்.எஃப். சும்மா இருக்கிற பொருள் அல்ல. நம்மில் பலர் உடம்பில் காசநோய்க் கிருமி தூங்கிக்கொண்டிருக்கிறது. அதைச் சுற்றி அணுக்களை வேலி மாதிரி கட்டி வைத்திருப்பதில் டி.என்.எஃப்.-க்குப் பெரிய பங்கு உண்டு. ஊசி போட்டால் அந்த வேலி தளரும். அதனால் முதலில் காசநோய்ப் பரிசோதனை செய்யாமல் அதைத் தொடங்க மாட்டார்கள். அம்மாவுக்கு இப்போதைக்கு அந்தப் பேச்சே வேண்டாம். நிறையப் பேருக்கு மாத்திரையிலேயே கட்டுக்குள் வந்துவிடும்.

கண்வலிக்கிழங்கைப் பற்றி. உங்கள் பக்கத்தில், மூலனூர் வட்டாரத்தில், தோட்டம் தோட்டமாகப் பந்தல் கட்டிப் பயிர் செய்கிறார்கள். நம் மாநில மலரான செங்காந்தள்தான் அது. அதன் விதையிலிருந்து கோல்ச்சிசின் என்ற மருந்தை எடுக்கிறார்கள். அது உண்மையான மருந்து. நியூட்ரோஃபில் நெளிந்து நகர்வதற்கு உள்ளே நுண்குழாய் போன்ற சட்டகம் வேண்டும். கோல்ச்சிசின் அதைக் கட்டவிடாது. யூரிக் அமிலம் படிந்து வருகிற கௌட் வலிக்கு அரை மில்லிகிராம் மாத்திரையாகக் கொடுக்கிறோம். பக்கத்துத் தோட்டத்துக்காரர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அம்மாவுக்கு வந்திருப்பது கௌட் இல்லை. அதோடு, கிழங்கில் ஒரு துண்டில் எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. கோல்ச்சிசின் அளவு மீறினால் உடம்பில் பிரிந்து பெருகுகிற அணுக்களையெல்லாம் தாக்கும். முதலில் வாந்தி, பேதி, அப்புறம் ரத்த அணுக்கள் சரிந்து மரணம் வரை போகும். அந்தக் கிழங்கைத் தின்று இறந்தவர்கள் நம் மாநிலத்திலேயே இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம்.

மாடு வைத்திருப்பதால் இரண்டு விஷயம் கூடுதலாகச் சொல்கிறேன். மருந்து ஆரம்பித்த பிறகு அம்மா பச்சைப் பால் குடிக்கக் கூடாது, நன்றாகக் காய்ச்சிய பால் மட்டும். மாடு கன்று வீசினாலோ, நஞ்சுக்கொடி எடுக்க வேண்டியிருந்தாலோ அம்மா வெறுங்கையால் தொடவே கூடாது, வேறு யாராவது கையுறை போட்டுச் செய்யட்டும். புருசெல்லா என்ற கிருமி அந்த வழியாக மனிதருக்கு வரும், அதுவும் மூட்டு வலியாகத் தலைகாட்டலாம். முதல் இரண்டு மாதம் பால் கறப்பதை நீங்களோ அப்பாவோ எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவே கறந்தாக வேண்டும் என்றால், முன்னதாகப் பத்து நிமிஷம் இரண்டு கையையும் வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து மடக்கி மடக்கி நீட்டச் சொல்லுங்கள்.

வருகிற ஞாயிறு ராத்திரி, சாப்பாட்டுக்குப் பிறகு முதல் மாத்திரை. நாலாவது வார ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும், அம்மா காலையில் எத்தனை மணிக்கு முழுசாகக் கை மூட முடிந்தது என்று தினமும் காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்து வைத்ததையும் சேர்த்து உங்கள் டாக்டரிடம் கொண்டு போங்கள். எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.